மீட்பர்: ஒரு சொல்லும் அதன் பொறுப்பும்

‘மீளுதல்’ என்றால் திரும்பி வருதல். ‘மீட்டல்’ என்றால் திரும்பக் கொண்டுவருதல். அடகு வைத்த தாலிச்சங்கிலியைப் பணம் கட்டி மீட்கிறோம். பகைவர் கவர்ந்துபோன ஆநிரையை மீட்கும் போர் பழந்தமிழில் கரந்தை எனப்பட்டது. புறப்பொருள் வெண்பாமாலையில் அதற்குத் தனிப் படலமே உண்டு. அப்படி மீட்கப் போய்ப் பட்ட வீரர்களின் நடுகற்கள் தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் இன்றும் நிற்கின்றன. விலை கொடுத்தல், உயிர் கொடுத்தல் ஆகிய இரண்டையும் இந்தச் சொல் கிறிஸ்தவம் இங்கே வருவதற்கு முன்பே அறிந்திருந்தது.

வேதாகமத்தில் இதற்கு வேராக நிற்பது ‘கோஏல்’ என்ற எபிரெயச் சொல். அது முதலில் இறையியல் சொல் அல்ல, குடும்பச் சொல். ஒருவன் வறுமையால் நிலத்தை விற்றுவிட்டால், நெருங்கிய உறவினன் அதை மீட்க வேண்டும் என்கிறது லேவியராகமம் 25ஆம் அதிகாரம். கடன்பட்டுத் தன்னையே அந்நியனுக்கு விற்றவனையும் உறவினன் மீட்கலாம். பெத்லகேம் ஊர்வாசலில் மூப்பர் பத்துப் பேரைச் சாட்சியாக உட்காரவைத்து, விதவையான ரூத்துக்காகப் போவாஸ் ஏற்றுக்கொண்டது இந்தப் பொறுப்பைத்தான்.

எண்ணாகமம் 35ஆம் அதிகாரத்தில், கொலையுண்டவனுக்காகப் பழிவாங்கும் உறவினனுக்கும் இதே சொல்தான். நிலத்தை மீட்கிறவனும் இரத்தப்பழிக்கு நியாயம் கேட்கிறவனும் எபிரெயருக்கு ஒருவனே. தமிழில் இது மூன்றாகப் பிரிந்தது: ரூத்தின் கதையில் சுதந்தரவாளி, கொலை வழக்கில் பழிவாங்குகிறவன், கடவுளைச் சொல்லும்போது மீட்பர். நியாயம் வேறு, இரக்கம் வேறு என்று நாம் எண்ணுவதற்கு இந்தப் பிரிவும் துணைபோயிருக்கிறது.

கடவுளுக்கு இந்தப் பெயரைத் துணிந்து சூட்டியவர்களில் யோபு ஒருவர். எல்லாம் இழந்து, நண்பர்களாலும் குற்றம் சாட்டப்பட்ட நிலையில், தன் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்று 19ஆம் அதிகாரத்தில் அறிக்கையிடுகிறார். பாபிலோனில் சிறைப்பட்டிருந்த மக்களை நோக்கிய ஏசாயாவின் அதிகாரங்களில் இந்தப் பெயர் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் ‘லூத்ரோன்’ வருகிறது. அடிமைக்கும் போர்க்கைதிக்கும் கொடுக்கும் விடுதலைப் பணம் அது. மாற்கு 10:45இல் இயேசு தம் உயிரையே அப்படி ஒரு மீட்கும் பொருள் என்கிறார். விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற கேள்வியில் ஒரிகேன், நாசியான்சு கிரகோரி முதல் இதைப் பற்றி 1098இல் நூல் எழுதி முடித்த ஆன்செல்ம் வரை அறிஞர்கள் வேறுபட்டனர். விலை கொடுத்தவர் யார் என்பதில் அவர்களுக்குள் வேறுபாடு இல்லை.

தமிழில் சீர்திருத்த சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு லூக்கா 2:11இல் ‘இரட்சகர்’ என்கிறது. காத்தல் என்ற பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது அது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) அந்த வழியில் பிறந்த காப்பியம். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அதே இடத்தில் ‘மீட்பர்’ என்கிறது. காப்பது இரட்சிப்பு, கைவிட்டுப்போனதை உரிமையோடு திரும்பப் பெறுவது மீட்பு. இரண்டும் நமக்கு வேண்டும்.

இறுதிநாளின் அடையாளங்களை எல்லாம் சொல்லி முடித்த இயேசு, லூக்கா 21:28இல், தலைநிமிருங்கள், உங்கள் மீட்பு நெருங்கிவிட்டது என்ற பொருள்படப் பேசுகிறார். மத்தேயு 25இல் நியாயாசனத்தில் அமரும் அரசர், பசித்தவரையும் சிறையில் இருப்பவரையும் தம் சகோதரர் என்கிறார். நியாயாதிபதி அங்கே உறவினராகவே அமர்கிறார். எளியவருக்கு அந்நாள் விடுதலை, அவர்களைப் புறக்கணித்தவருக்கு அதுவே கணக்குக் கேட்கும் நாள். நியாயத்தீர்ப்பைப் பிரசங்கிக்கிறவர்கள் நெருப்பைப் பற்றி மட்டும் பேசி மக்களை அனுப்பிவிடக் கூடாது. தீர்ப்புச் சொல்ல வருகிறவர் நம்மை மீட்கக் கடமைப்பட்ட உறவினர் என்பதையும் சொல்லுங்கள். நற்செய்தி முழுமை பெறுவது அப்போதுதான்.