பேருந்தும் விழிப்புலனற்றோரும்: குடாநாட்டு அனுபவம்

போக்குவரத்து வரலாற்றை எழுதுவோர் வீதிகளையும் வண்டிகளையும் கணக்கிடுவர். அவ்வண்டிகளில் தனித்து ஏற இயலாதிருந்தோரைக் கணக்கிடுவது அரிது. யாழ்ப்பாணக் குடாநாட்டு விழிப்புலனற்றோரின் பயண வரலாறு அவ்வாறு விடுபட்டதோர் அத்தியாயமாகும்.

கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1956 ஆம் ஆண்டு தோன்றியது. 1958 சனவரி முதலாந் திகதி பேருந்துச் சேவை நாட்டுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. சுன்னாகத்தில் வாழ்வகம் 1988 இல் எழுந்தது. இந்நிறுவனங்களில் கற்றோர் தொழிலையும் திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்தையும் நாடியபோது, அவர்தம் கல்வி பயன்தருவது பேருந்தையும் சார்ந்ததாயிற்று.

பேருந்தோ கண்ணுடையாருக்கென அமைந்தது. பருத்தித்துறைக்குச் செல்லும் வண்டியை 750 என்னும் இலக்கமும் ஊர்ப்பெயர்ப் பலகையும் உணர்த்தும். அப்பலகையைக் காண இயலாதவருக்கு நடத்துநரின் கூவலே பலகையாயிற்று. 1979 இல் தனியார் பேருந்துகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டபின், பயணிகளைச் சேர்க்கும் போட்டியில் அக்கூவல் மேலும் உரத்தது. ஆயின் அது வருமானங் கருதி எழுந்த குரலேயன்றி உரிமையை மதித்தெழுந்த குரலன்று. வண்டி நிறைந்ததும் அது ஓயும். உள்ளே ஒலிக்கும் பாட்டில் இறங்குமிடத்தின் பெயர் அமிழ்ந்துவிடும். முன்னிருக்கையை ஒதுக்குதல் நன்றே. எனினும் ஏறவேண்டிய வண்டி எதுவென அறியாதவருக்கு அவ்விருக்கையாற் பயனென்னை?

தற்செயலான உதவியை உரிமையாக மாற்றுவதே சட்டத்தின் பணி. வலது குறைந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் நிறைவேறியது. பொது இடங்களை அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வெளியாயின. போக்குவரத்தையும் தகவலையும் அணுகும் உரிமையை உறுதிசெய்யும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது. ஏட்டிலுள்ள இவ்வுரிமை தரிப்பிடத்தை எட்டுவதெப்போது?

கடல் கடந்த சென்னையில் 2022 டிசம்பரில் மாநகரப் பேருந்துகள் சிலவற்றில் நிறுத்தங்களின் பெயரை ஒலிபரப்பும் முறை தொடங்கிற்று. அத்தகைய கருவி இங்கு வரும்வரை காத்திருத்தல் வேண்டா. ஒவ்வொரு தரிப்பிலும் ஊர்ப்பெயரை உரைத்தல், வெள்ளைப் பிரம்பைக் கண்டதும் வண்டியை நிறுத்திச் சேருமிடத்தைக் கூறுதல், பாட்டின் ஒலியைக் குறைத்தல், குறைபார்வையுடையோர்க்காகப் பலகையிற் பெரிய எழுத்தைத் தெளிந்த நிறவேறுபாட்டுடன் தீட்டுதல் ஆகியவற்றிற்குப் பெருஞ்செலவில்லை. இவற்றை நடத்துநரின் கருணைக்கு விடாது கடமையாக்குதலே வேண்டுவது. பிறர் கையைப் பற்றாது ஒருவர் தம் ஊரில் இறங்கும் நாளிலேயே 1958 இல் பொதுவுடைமையான பேருந்து உண்மையிற் பொதுவாகும்.