பீமனுக்குக் கிடைத்த அர்ஜுனா விருது

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் வீரமாக முழங்கிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் அம்மா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே!

தலைப்பு என்ன? வீரனை மக்கள் மனசில் நிறுத்துவது மைதானமா, திரையா? திரைதான்னு அம்மா அடிச்சுப் பேசிட்டுப் போயிட்டாங்க. போற போக்கிலே ஒரு கேள்வியும் வீசிட்டுப் போனாங்க. “மகாபாரதத்தில் பீமனா நடிச்சவரை எல்லாருக்கும் தெரியும், அவர் விளையாட்டு வீரர்னு இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?” நியாயமான கேள்விதான். மறைக்க மாட்டேன், எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

1988 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கி 1990 ஜூன் வரைக்கும் தூர்தர்ஷன்ல அந்த மகாபாரதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில தெருவில ஒரு ஈ காக்கா இருக்காது. எங்க தெருவுக்கே ஒரு டி.வி. அந்த வீட்டுக்காரர் பேருக்குத்தான் வீட்டுக்காரர். அன்னைக்கு அவருக்கே நிக்க இடம் கிடைக்காது. (சிரிப்பு) வசனம் முழுக்க இந்தி. எங்க பாட்டிக்கு இந்தியில ஒரு எழுத்து தெரியாது. ஆனா பாருங்க, பக்கத்தில உட்கார்ந்து கதை சொன்னது அவங்கதான்! வசனம் அவங்களுக்கு எதுக்கு? கதைதான் ரத்தத்தில ஓடுதே.

அந்தப் பீமன் பேர் பிரவீன் குமார் சோப்தி. ஆறரை அடி உயரம். நடிக்க வருவதற்கு முன்னாலே அவர் எல்லைப் பாதுகாப்புப் படையில் இருந்தவர். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வட்டு எறிதலில் தங்கம். அதே ஆண்டு கிங்ஸ்டன் காமன்வெல்த் போட்டியில் சம்மட்டி எறிதலில் வெள்ளி. 1970இல் மறுபடியும் பாங்காக், மறுபடியும் வட்டு எறிதலில் தங்கம். 1968, 1972 இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காகக் களம் இறங்கினார். சம்மட்டி எறிதல்னா சும்மா இல்லீங்க. ஏழேகால் கிலோ இரும்புக் குண்டைக் கம்பியில கட்டி, தன்னைத் தானே சுத்திக்கிட்டு எறியணும். தொலைக்காட்சியில அவர் கையில இருந்தது அட்டைக் கதையா, தகரக் கதையா எனக்குத் தெரியாது. மைதானத்தில அவர் கையில இருந்தது அசல் இரும்பு.

அரசாங்கம் 1967இல் அவருக்கு ஒரு விருது கொடுத்தது. என்ன விருது? அர்ஜுனா விருது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) வேடம் போடறதுக்கு இருபது வருஷம் முன்னாடியே தம்பி பேரில அண்ணன் விருது வாங்கிட்டார். வியாசருக்கே தோணாத கிளைக்கதை இது.

இதில் இன்னொன்று இருக்கிறது. பாரதத்தில் பீமன் மலர் தேடிப் போகிற கட்டம் உங்களுக்கெல்லாம் தெரியும். வழியிலே ஒரு கிழக்குரங்கு வாலை நீட்டிப் படுத்திருக்கும். வாலை நகர்த்துன்னு பீமன் அதட்டுவான். நீயே தூக்கி வச்சுட்டுப் போப்பான்னு அது சொல்லும். பீமன் மூச்சைப் பிடிச்சுத் தூக்குவான், வால் அசையாது. அப்புறம்தான் தெரியும், அது அனுமன், வாயுவின் மகன், தனக்கு அண்ணன் முறைன்னு. அந்தத் தொடரில் அனுமனா வந்தது யாரு? தாரா சிங்! மல்யுத்தத்தில் ‘ருஸ்தம்-ஏ-ஹிந்த்’ பட்டம் வாங்கின தாரா சிங். ராமாயணத் தொடரிலும் அவர்தான் அனுமன். அதுக்கெல்லாம் முன்னாடி, 1965இல் வந்த ‘மகாபாரத்’ இந்திப் படத்தில் பீமனே அவர்தான். திரௌபதி யாரு தெரியுமா? நம்ம பத்மினி அம்மா. ஆக, பழைய பீமன் வாலை நீட்டிப் படுத்திருக்கார், புதுப் பீமன் வந்து தூக்கப் பார்க்கிறார். சம்மட்டி எறிஞ்ச கையால தூக்க முடியலைன்னா, வாலுக்குச் சொந்தக்காரர் மல்யுத்த வீரர், அதான்! (கைதட்டல்)

அம்மா, இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். இந்த இரண்டு பேரையும் எதுக்குக் கூப்பிட்டாங்க? வசனம் நல்லாப் பேசுவாங்கன்னா? அந்தத் தோளுக்காகத்தானே? அந்தத் தோளை உருவாக்கினது எது? மைதானம் விளைய வைக்குது, திரை அறுவடை பண்ணிட்டுப் போகுது.

இது இன்னைக்கு நேத்திக்கு நடக்கிற அறுவடை இல்லை. நூறு வருஷத்துக்கு மேலே ஆச்சு. 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக். கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சர்ட் என்ற ஆங்கிலேய வீட்டுப் பிள்ளை 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் வெள்ளி வாங்கினார். ஆசிய மண்ணில் பிறந்து ஒலிம்பிக் பதக்கம் வாங்கின முதல் ஆள் அவர்தான். அவர் ஓடினது இந்தியாவுக்கா, பிரிட்டனுக்கா என்று இன்னும் வழக்கு தீரலை. ஒலிம்பிக் கமிட்டி இந்தியா கணக்கில்தான் வைத்திருக்கிறது. சரி, அப்புறம் அவர் என்ன ஆனார்? மேடை நாடகத்தில் நடிக்கப் போனார். அங்கிருந்து ஹாலிவுட். ‘நார்மன் டிரெவர்’ என்று பேரையே மாத்திக்கிட்டார். 1926இல் வந்த ‘போ ஜெஸ்ட்’ உள்பட நிறைய ஊமைப் படங்களில் நடித்தார். 1929இல் கலிபோர்னியாவில் இறந்தார். சரியாகப் பேசும் படம் வருகிற நேரத்தில் ஊமைப் பட நடிகர் போய்விட்டார்.

இப்போ நான் கேட்கிறேன். டிரெவர் நடிச்ச படம் ஒண்ணாவது இங்கே யாராவது பார்த்திருக்கீங்களா? இல்லை. ஆனா 2021 ஆகஸ்ட் 7ஆம் தேதி டோக்கியோவில் நம்ம நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினாரே, அப்போ தடகளத்தில் இதுக்கு முன்னாடி யாருன்னு புரட்டினாங்க. 121 வருஷத்துக்கு முன்னாலே ஒரு பேர்தான் இருந்தது. பிரிட்சர்ட்! டிரெவர் இல்லீங்க, பிரிட்சர்ட்! மாத்திக்கிட்ட பேர் போச்சு, மைதானத்துப் பேர் நின்னுது. (கைதட்டல்)

ஹாலிவுட்டுன்னு சொன்னதும் டார்ஜான் ஞாபகம் வருது. மரத்துக்கு மரம் விழுதைப் பிடிச்சுத் தாவுறவர். 1932 படத்தில் டார்ஜான் ஆன ஜானி வெய்ஸ்முல்லர் 1924, 1928 ஒலிம்பிக்குகளில் நீச்சலில் ஐந்து தங்கம் வாங்கியவர். முதலில் அந்த வேஷத்துக்குப் பேசி வைத்திருந்தது ஹெர்மன் பிரிக்ஸ் என்பவரை. அவர் 1928 ஒலிம்பிக்கில் குண்டு எறிதலில் வெள்ளி. வேறொரு படத்தில் தோளை உடைச்சுக்கிட்டதால் வாய்ப்பு நீச்சல்காரருக்குப் போச்சு. பிறகு 1935இல் அவரும் டார்ஜான் ஆனார். 1933இல் ஒரு டார்ஜான், பஸ்டர் கிராப். 1932 ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் பத்தில் ஒரு விநாடி வித்தியாசத்தில் தங்கம். 1938இல் ஒரு டார்ஜான், கிளென் மாரிஸ். 1936 பெர்லினில் டெகாத்லான் தங்கம். நாலு டார்ஜான், நாலு பேரும் ஒலிம்பிக் பதக்கக்காரங்க! காட்டுக்குள்ள வளர்ந்த பிள்ளைன்னு கதை சொன்னான். தேடினது என்னமோ ஒலிம்பிக் பட்டியலில்.

அந்த வெய்ஸ்முல்லர் படத்தில் ஒரு வெள்ளைமீசைப் பெரியவர் வருவார். ஆப்ரி ஸ்மித். அவர் யாரு? இங்கிலாந்து கிரிக்கெட் அணித் தலைவர்! 1889இல் தென்னாப்பிரிக்காவில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார், அதிலேயே கேப்டன், முதல் இன்னிங்சில் 19 ரன்னுக்கு ஐந்து விக்கெட், ஆட்டமும் ஜெயித்தார். வயசான காலத்தில் ஹாலிவுட் போய் நடிகர் ஆனவர், சும்மா இருந்தாரா? 1932இல் அங்கேயே ஒரு கிரிக்கெட் சங்கம் ஆரம்பிச்சுட்டார். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் பூதமாக வந்து உலகத்தையே நடுங்க வைத்த போரிஸ் கார்லாஃப் அதில் ஓர் உறுப்பினர். பூதம் மட்டையோட நின்னா பந்து போடறவன் கதி என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. (சிரிப்பு) கார்லாஃபின் தாயார் இந்தியாவில் பிறந்தவங்கங்கிறது கூடுதல் செய்தி.

நடுவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, முக்கியமானதை இனிமேல்தான் சொல்லப்போறேன்.

திரை இல்லாட்டி வீரன் இல்லைன்னு அம்மா சொன்னாங்க இல்லையா? 1983 ஜூன் 18. உலகக் கோப்பை. இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்கிற சின்ன ஊர். இந்தியாவும் ஜிம்பாப்வேயும். கவாஸ்கர் பூஜ்யம். நம்ம ஸ்ரீகாந்த் பூஜ்யம். 17 ரன்னுக்கு 5 விக்கெட்! குளிச்சுக்கிட்டிருந்த கபில் தேவ் அவசரமா ஓடி வந்தாருன்னு ஒரு கதை உண்டு. வந்தவர் ஆட்டமிழக்காமல் 175. பதினாறு பவுண்டரி, ஆறு சிக்சர். ஒன்பதாவது விக்கெட்டுக்குக் கிர்மானியோட சேர்ந்து, பிரியாமல் 126. அந்தக் கிர்மானி பிறந்தது நம்ம சென்னையில. இந்தியா 266, ஜிம்பாப்வே 235. 31 ரன்னில் தப்பிச்சோம். ஏழே நாளில் கோப்பை!

இந்த ஆட்டத்தை டி.வி.யில் யார் பார்த்தது? ஒருத்தரும் இல்லை. அன்னைக்கு அங்கே தொலைக்காட்சிக் கேமராவே இல்லை. பி.பி.சி.யில் வேலைநிறுத்தம்னு காரணம் சொல்லுவாங்க. காரணம் எதுவோ, படச்சுருள் இல்லை. பார்த்தவங்க அந்த மைதானத்தில் இருந்தவங்க மட்டும்தான். நான் பள்ளிக்கூடப் பையன். டீக்கடையில பேப்பரை நாலு பேர் நாலு தாளாப் பிரிச்சு வச்சிருப்பாங்க. விளையாட்டுப் பக்கம் வச்சிருந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவர் தோளுக்குப் பின்னாலே நின்னு எட்டிப் பார்த்துப் படிச்சேன். அந்த 175ஐ எவன் மறந்தான்? சொல்லுங்க!

அன்னைக்கு ஜிம்பாப்வேயில் மூணு விக்கெட்டும் எடுத்து 73 ரன்னும் அடிச்சு நம்மை நடுங்க வச்சவர் கெவின் கரன். அவர் பையன் சாம் கரன் பின்னாளில் மஞ்சள் சட்டை போட்டு நம்ம சென்னைக்கு ஆடினான், நாம எழுந்து நின்னு கை தட்டினோம். அன்னைக்கு ஒரே ரன்னில் அவுட்டான சந்தீப் பாட்டீல் இரண்டே வருஷத்தில் ஒரு இந்திப் படத்துக்குக் கதாநாயகன். வில்லன் யாரு? நம்ம கிர்மானி! கோப்பை ஜெயிச்ச ஞாபகம் இருக்கு, படம் ஓடின ஞாபகம் யாருக்காவது இருக்கா?

ஆனா ஒண்ணை ஒத்துக்கணும், என் கட்சிக்கு எதிரா இருந்தாலும். பிரவீன் குமார் கடைசிக் காலத்தில் உடம்பு முடியாமல் இருந்தார். விளையாட்டு வீரருக்கான ஓய்வூதியம் பஞ்சாப் அரசு தனக்குத் தரவில்லை என்று வாய்விட்டே சொன்னார். 2022 பிப்ரவரி 7ஆம் தேதி, 74 வயதில் போய்விட்டார். பத்திரிகையில் என்ன தலைப்பு? ‘மகாபாரத பீமன் மறைவு’. ஆசிய விளையாட்டில் இரண்டு தங்கம் உள்ளே எங்கேயோ பொடி எழுத்தில் இருந்தது. அம்மா, திரை நிறுத்தினது பீமனைத்தான். வட்டு எறிஞ்சவரை இல்லை. என் வழக்கே அதுதான்.

2021 கடைசியில் ‘83’ படம் வந்தது. ரன்வீர் சிங் கபில் தேவ், நம்ம ஜீவா ஸ்ரீகாந்த். என் மகளைக் கூட்டிட்டுப் போனேன். வெளியே வந்ததும், “அப்பா, அந்த 175 அசல் வீடியோவைக் காட்டுங்க”ன்னு செல்போனை நீட்டினா. இல்லம்மான்னேன். நம்பலை. தேடிப் பார்த்தா, கிடைக்கலை. அப்புறம் வீடு வர்ற வரைக்கும் பஸ்ஸில் நான்தான் சொல்லிக்கிட்டு வந்தேன், டீக்கடையில எட்டிப் பார்த்துப் படிச்சதை. “17க்கு 5 போனப்புறம் அடுத்து யாருப்பா வந்தா?”ன்னு கேட்டா. ரோஜர் பின்னிம்மா. கபிலோட நின்னு அறுபது ரன் சேர்த்தார்...

மணி அடிச்சிட்டீங்களா ஐயா? சரி, முடிச்சுக்கிறேன். பின்னி 22.