தத்தெடுப்போருக்குப் பணம்

தத்தெடுப்பும் பணமும் என்றதும், 1980களில் எமது நாட்டில் வெளிநாட்டவருக்குக் குழந்தைகளை விற்ற 'குழந்தைப் பண்ணைகளே' என் நினைவுக்கு வருகின்றன. அச்செய்திகளை அன்று செம்மைப்படுத்தியவன் நான். அங்கே பணம் தரகரிடம் சென்றது.

அதே தசாப்தத்தில் அமெரிக்காவில் பணம் பிள்ளையைத் தேடிச் சென்றது. அதற்கு முன்னர், வளர்ப்புப் பெற்றோர் பலர் தம்மிடம் வளரும் பிள்ளையைத் தத்தெடுத்தால் அரச கொடுப்பனவு நின்றுவிடும். அன்பிருந்தும் கையொப்பமிடத் தயங்கினர். 1980இல் ஜனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம், வயதில் மூத்த, வலுவிழந்த பிள்ளைகளைத் தத்தெடுப்போருக்கான உதவிப்பணத்தில் மத்திய அரசையும் பங்கேற்க வைத்தது.

1996இல் 5,000 டொலர் வரையான வரிச்சலுகையும் வந்தது. வரி செலுத்துமளவு வருமானமில்லாதவருக்கு அதனால் என்ன பயன்? 2010, 2011 ஆகிய ஈராண்டுகள் நீங்கலாக, அவர்கள் 2025ஆம் வரியாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.