பொய் நேரம் சொல்லாமை: உட்பொதி கெர்னலில் கடிகார இயக்கியின் முதற்கடமை

மின்சாரம் போய்த் திரும்பிய கருவி பாதுகாப்பான இணைய இணைப்பைத் திறக்க வேண்டுமானால் எதிர்முனையின் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு இன்றைய தேதி தெரிந்திருக்க வேண்டும். 1970 ஜனவரி 1 என்று நம்பும் கருவிக்கு எந்தச் சான்றிதழும் இன்னும் நடைமுறைக்கே வராதது. பலகையில் பட்டன் பேட்டரியோடு கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்துவது இதற்காகத்தான்.

சில்லின் பதிவகங்களைப் படித்து கெர்னலுக்கு நேரம் சொல்வதே இயக்கியின் வேலை என்பது பொதுக் கருத்து. அந்த வேலை சிறியது. ஒரே ஓர் இடத்தில்தான் கவனம் வேண்டும். 10:59:59 ஆகும்போது விநாடியைத் தனியாகப் படித்து 59 என்று வைத்துக்கொண்டு, அடுத்த கணம் நிமிடத்தையும் மணியையும் படித்தால் 11:00:59 கிடைக்கும். முழுதாக ஒரு நிமிடம் பிழை. ஏழு பதிவகங்களையும் ஒரே வீச்சில் படித்தால் இது தீர்ந்தது.

கடினமானது வேறு: படித்த நேரத்தை நம்பலாமா? இதற்குச் சில்லே சாட்சி வைத்திருக்கிறது. டிஎஸ்1307 என்ற கடிகாரச் சில்லில் விநாடிப் பதிவகத்தின் உச்ச பிட் 1 என்றால் அலையியற்றி நிறுத்தப்பட்டிருக்கிறது. பிசிஎஃப்8563இல் அதே இடத்து பிட், மின்னழுத்தம் விழுந்ததைச் சொல்கிறது. டிஎஸ்3231இல் நிலைப் பதிவகத்தின் உச்ச பிட், அலையியற்றி இடையில் நின்றதைக் காட்டுகிறது.

இந்தச் சாட்சியை லினக்ஸின் ஒரே இயக்கி இரு விதமாக நடத்தியது. டிஎஸ்1307 நின்றிருந்தால் நேரம் கேட்பவருக்குப் பிழையே பதில். டிஎஸ்3231க்கோ, இயக்கி தொடங்கும்போதே அந்த பிட்டை அழித்துவிட்டு, நேரத்தை அமைக்கும்படி பதிவேட்டில் ஒரு வரி எச்சரிக்கும் முறை நெடுங்காலம் இருந்தது. யாரும் அந்த வரியைப் பார்க்காமல் கருவி மறுமுறை தொடங்கினால் தடயமே இராது. கெட்ட நேரம் நல்ல நேரமாகிவிடும். பிட்டை அழிக்கும் உரிமை, புது நேரத்தை எழுதும் செயற்கூறு ஒன்றுக்கே இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

ஏதாவது ஒரு தேதியைக் கொடுத்தால் கருவி தடையின்றி ஓடுமே என்பார்கள். கொடுக்காவிட்டாலும் ஓடும். கடிகாரம் மிகவும் பின்தங்கியிருந்தால், தொடக்க மேலாளரான சிஸ்டம்டி அதைத் தான் தொகுக்கப்பட்ட காலத்துக்கு நகர்த்திக்கொள்கிறது. அத்தகைய முடிவுகளுக்கு இடம் கெர்னலுக்கு வெளியேதான். 1970 என்ற பொய் பார்த்தவுடன் தெரியும். மூன்று மாதம் பின்தங்கிய தேதி யார் கண்ணிலும் படாது, அதனால் அதுவே கொடியது.

படிகத்தின் தளர்ச்சியை மன்னிக்கலாம். 20 பிபிஎம் பிழையுள்ள படிகம் மாதத்துக்கு 52 விநாடி விலகும். டிஎஸ்3231 அறை வெப்பத்தில் ஆண்டுக்கே ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். நின்றுபோன கடிகாரத்தின் பிழைக்கு இப்படி எந்த வரம்பும் இல்லை.

இயக்கி எழுதுவோர் ஒன்று செய்யுங்கள். மின்சாரத்தை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் கழித்து மாட்டுங்கள். நேரத்தை அமைக்காமலே இரண்டு முறை தொடங்கிப் பாருங்கள். இரண்டாம் முறையும் பிழைதான் வர வேண்டும்.