இசைத்தட்டும் இரவு நேயரும்: ஒரு வரலாற்று ஒப்புநோக்கு

மன்னர்களின் ஆட்சியாண்டுகளையும் போர்களின் முடிவுகளையுமே வரலாறு எனக் கற்றவர்களுக்கு, இசைத்தட்டுச் சுழற்றுவோரை வரலாற்றுக்குரிய மாந்தராகக் கொள்வது வியப்பளிக்கலாம். ஆயினும், குண்டசாலை போன்றதோர் ஊரிலிருந்து நோக்குமிடத்து அவ்வியப்பு நீங்கும் எனலாம். மகாவலி கங்கைக் கரையிலுள்ள இவ்வூரில், 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீரநரேந்திரசிங்கன் தனக்கு மாளிகை அமைத்துக்கொண்டான். அதனால் அவன் 'குண்டசாலை அரசன்' என்றே வழங்கப்பட்டான். மதுரையிலிருந்து அவனுக்குப் பெண்ணெடுத்ததும், அவனுக்குப் பின் அவ்வரசியின் உடன்பிறந்தான் அரியணை ஏறி நாயக்கர் மரபைத் தொடக்கி வைத்ததும் நூல்களில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. ஆனால், தும்பறைப் பள்ளத்தாக்கிலும் அதனைச் சூழ்ந்த மலைகளிலும் கோப்பிக்கும் தேயிலைக்கும் கொக்கோவுக்கும் உழைக்க வந்த தமிழ் மக்களின் உழைப்பு கூலிக் கணக்கிற் பதிவாயிற்றேயன்றி, அவர்கள் உழைப்பு முடிந்தபின் கழித்த இரவுகள் எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. அவ்விரவுகளில் அவர்கள் எதனைக் கேட்டனர் என்பது சமூக வரலாற்றுக்கு உரிய வினாவேயாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்குத் தொலைவிலுள்ள ஓர் எடுத்துக்காட்டு துணைசெய்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாகிய மறைவான இரவு நடனக் கூட்டங்களும், அவற்றை நடத்திய 'டீஜே' எனப்படும் இசைத்தட்டுக் கலைஞர்களுமே அவ்வெடுத்துக்காட்டு. அதனையும் இலங்கை வானொலியின் அறிவிப்பாளர் மரபையும் அருகருகே வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைவிடப்பட்ட தொழிற்சாலைகள்

1977இல் சிக்காக்கோ நகரில் 'வெயர்ஹவுஸ்', அதாவது பண்டசாலை, எனப் பெயர்பெற்ற நடனக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. நியூயோர்க்கிலிருந்து வந்த பிராங்கி நக்கிள்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞர் அங்கு இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து இரவு முழுவதும் இசைத்தார். பிற்காலத்தில் 'ஹவுஸ்' என உலகெங்கும் அறியப்பட்ட இசைவகை அக்கூடத்தின் பெயரிலிருந்தே தன் பெயரைப் பெற்றது என்பர். அங்கு கூடியோரிற் பெரும்பாலோர் பொது மண்டபங்களில் மதிப்புப் பெறாத கறுப்பின, இலத்தீன் அமெரிக்க இளைஞர்களும் தன்பால் விழைவோருமாவர். 1979 யூலை 12ஆந் திகதி அதே நகரின் விளையாட்டரங்கொன்றில், டிஸ்கோ இசைத்தட்டுகள் பெருந்திரளான மக்கள் முன்னிலையில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டமையை இதனோடு இணைத்து நோக்குதல் வேண்டும். வெறுத்தொதுக்கப்பட்ட அவ்விசையே பண்டசாலையின் இருளிற் புதுவடிவம் பெற்றது.

டிட்ரொயிற் நகரிலும் இதையொத்த நிலையே காணப்பட்டது. மோட்டார் வாகனத் தொழில் நலிவுற்று ஆலைகள் வெறுமையாகிக்கொண்டிருந்த காலத்தில், 'எலெக்ட்ரிபையிங் மோஜோ' என்னும் புனைபெயருடைய வானொலியாளர், ஜேர்மனிய மின்னிசையையும் கறுப்பின அமெரிக்க இசையையும் வேறுபாடின்றி அடுத்தடுத்து ஒலிபரப்பினார். பெல்வில் என்னும் அயலூரின் பாடசாலைத் தோழர்களான யுவான் அற்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் ஆகிய மூவரும் அவ்வொலிபரப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள். 'ரெக்னோ' இசையின் முதல்வர்களாக இன்று மதிக்கப்படுவோரும் அவர்களே. ஆற்றின் மறுகரையில், கனடாவின் வின்சர் நகரில் வளர்ந்த ரிச்சி ஹோட்டின், எல்லை கடந்து வந்து அவ்விசையைக் கற்றார். 1990களில் அவர் கைவிடப்பட்ட பக்காட் மோட்டார் ஆலையில் இரவுக் கூட்டங்களை நடத்தினார்.

இக்கூட்டங்கள் மில்வாக்கி முதலிய நகரங்களுக்கும் பரவின. நடைபெறும் இடம் இறுதிவரை வெளிப்படுத்தப்படுவதில்லை. துண்டுப் பிரசுரத்தில் அச்சிடப்பட்ட தொலைபேசி இலக்கமே வழிகாட்டியாயிருந்தது. 1992 ஒக்ரோபர் இறுதியில் மில்வாக்கியில் நடந்த கூட்டமொன்றிற் பொலிசார் புகுந்து நூற்றுக்கணக்கான இளைஞர்களுக்குக் குற்றச்சீட்டு வழங்கினர். 2003இல் அமெரிக்க அரசு இயற்றிய சட்டமொன்று, போதைப்பொருள் தடுப்பை முன்னிட்டு, இத்தகைய கூட்டங்களுக்கு இடமளிப்போரையும் பொறுப்பாளிகளாக்கியது. போதைப்பொருளால் விளைந்த தீங்கு உண்மையே. அதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது. எனினும், தீங்கை மட்டுமே கண்டு அங்கு உருவாகிய கலையையும் தோழமையையும் காணாது விடுவதும் வரலாறாகாது.

போர் விட்டுச்சென்ற ஒலிபரப்பி

இனி நம் சூழலுக்கு வருவோம். இலங்கையில் ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆந் திகதி முறையாகத் தொடங்கிற்று. ஆயினும், கடல் கடந்து கேட்கும் வலுவை அதற்கு அளித்தது இரண்டாம் உலகப் போரேயாகும். 1944 ஏப்பிரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் டெல்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. பேராதனைப் பூந்தோட்டமே அதன் பாசறையாயிற்று. அக்கட்டளையகத்தின் படைவீரர்களுக்காகத் தோன்றியதே 'றேடியோ சியாக்'. ஏக்கலையில் நிறுவப்பட்ட அதன் 100 கிலோவாற் சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்த பின்னர் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் அவ்வலுவைத் துணையாகக்கொண்டு வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அவுஸ்திரேலியரான கிளிபோர்ட் டொட் அதனை நெறிப்படுத்தினார். டிட்ரொயிற்றின் ஆலைகள் வாகனங்களுக்காகக் கட்டப்பட்டு நடனக் கூட்டங்களுக்குப் பயன்பட்டவாறே, படைவீரருக்காக எழுந்த இவ்வொலிபரப்பியும் பாமர மக்களின் பாட்டுக்குப் பயன்படலாயிற்று.

இக்காலத்திலேயே பாக்கு நீரிணையின் மறுகரையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சுப் பொறுப்பை ஏற்ற பி. வி. கேஸ்கர், சாஸ்திரிய சங்கீதத்தை வளர்க்கும் நோக்குடன் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைப் பெரிதுங் குறைத்தார். படத் தயாரிப்பாளருடன் ஏற்பட்ட பிணக்கும் இதனோடு சேர்ந்துகொண்டது. விளைவு யாவரும் அறிந்ததே: நேயர் தம் வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்பை நோக்கித் திருப்பினர். அதே ஆண்டு டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' இலங்கை வானொலியில் தொடங்கியது. பம்பாயில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட நாடாக்கள் கொழும்புக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து இந்தியா முழுவதும் கேட்கப்பட்டன. 1957இல் 'விவித பாரதி' தோன்றியமைக்கு இப்போட்டியே முதன்மைக் காரணமாகும். ஓர் அரசு தன் மக்களின் இரசனையைத் திருத்த முற்பட்டபோது, அம்மக்கள் அயல்நாட்டு அலைவரிசையில் தம் பாடலைத் தேடிக்கொண்டனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

அறிவிப்பாளர் என்னும் கலைஞர்

தமிழ் வர்த்தக ஒலிபரப்பில் எஸ். பி. மயில்வாகனன் பெற்ற புகழ், தமிழ்நாட்டில் அக்காலத்துத் திரை நடிகர் பெற்ற புகழோடு ஒப்பிடத்தக்கது. அவருக்குப் பின்வந்த ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலியோர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிப்பாணி கொண்டிருந்தனர். அவர்கள் பாடியவர்களுமல்லர், பாட்டெழுதியவர்களுமல்லர். பிறர் ஆக்கிய இசைத்தட்டுகளை எவ்வொழுங்கில் அமைப்பது, எச்சொல்லால் இணைப்பது என்பதிலேயே அவர்தம் ஆற்றல் வெளிப்பட்டது. இது சிக்காக்கோக் கலைஞரின் தொழிலுக்கு முற்றிலும் ஒப்பானது. தொகுத்தலும் ஆக்கமே என்பதைச் சங்கப் பாடல்களைத் தொகைகளாக்கிய நம் மரபு அறியாததன்று.

இவ்வொப்புமை வரம்புடையது என்பதையும் மறத்தலாகாது. இலங்கை வானொலி தலைமறைவு இயக்கமன்று. அது அரசின் நிறுவனம். விளம்பரப் பணத்தால் வளர்ந்தது. டிட்ரொயிற் இளைஞர் ஓரிடத்திற் கூடி ஆடினர். நம் நேயரோ தனித்தனி வீடுகளிலிருந்து ஒரே நேரத்திற் கேட்டனர். மேலும், டிட்ரொயிற் புதிய இசையை ஆக்கியது. நம் வானொலியோ பெருமளவிற்குச் சென்னையின் பாடல்களையே பரப்பியது. 1960களின் பிற்பகுதியிலிருந்து நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் வளர்த்த தமிழ்ப் பொப் இசை இந்நாட்டு மண்ணுக்குரிய ஆக்கமாக மலர்ந்தபோதிலும், திரைப்பாடலின் ஆட்சியை அதனால் அகற்ற இயலவில்லை.

வாசிக்கப்பட்ட பெயர்கள்

இவ்வேற்றுமைகளையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்னரும், ஒரு செய்தி எஞ்சி நிற்கின்றது. நேயர் விருப்ப நிகழ்ச்சிகளிற் பாடலுக்கு முன்னர் அதனை விரும்பிக் கேட்டோரின் பெயர்களும் ஊர்களும் நீண்ட பட்டியலாக வாசிக்கப்படுவது வழக்கம். பாடலைவிடப் பெயர்ப்பட்டியலுக்காகவே காத்திருந்தோர் பலர். தபாலட்டை எழுதிய இளைஞன், தன் பெயர் வருமோ என்று லயன் காம்பராவிலே குடும்பத்தினரோடு செவிகொடுத்திருப்பான்.

இவ்வழக்கத்தின் முழுப்பொருளை மலையகத்தில் வைத்தே உணர முடியும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. அடுத்த ஆண்டுகளில் அவர்களது வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதெனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் கதி 1974 வரை தீர்மானிக்கப்படாதிருந்தது. வாக்காளர் இடாப்பில் இடம்பெறாத ஒருவரின் பெயரை, அதே அரசின் வானொலி, அவர் பிறந்த தோட்டத்தின் பெயரோடு சேர்த்து நாடறிய வாசித்தது. சட்டம் மறுத்த இருப்பை ஒரு பாடலின் முன்னுரை ஒருகணம் ஏற்றுக்கொண்டது எனின் அது மிகையாகாது. பண்டசாலையின் இருளிற் கூடிய கறுப்பின இளைஞர் அடைந்ததும் இத்தகைய ஏற்பே. உரிமை வேறு, ஏற்பு வேறு என்பது உண்மை. வானொலி எவருக்கும் பிரசாவுரிமை வழங்கவில்லை. எனினும், உரிமையற்ற காலத்தை மனிதர் எவ்வாறு வாழ்ந்து கடந்தனர் என்பதற்கு இச்சிறு ஏற்புகளே சான்றாகின்றன.

எஞ்சியிருப்பவை

மத்திய மேற்கு அமெரிக்காவின் இரவுக் கூட்டங்களை இன்று ஆராய்வோர்க்குத் துண்டுப் பிரசுரங்களும் ஒலிநாடாக்களும் பங்குகொண்டோரின் நினைவுகளும் ஆதாரங்களாக உள்ளன. நம் நிலை அவ்வாறன்று. பாடல்கள் இசைத்தட்டுகளில் வாழ்கின்றன. அவற்றை இணைத்த அறிவிப்பாளரின் நேரடிச் சொற்களோ பெரும்பாலும் காற்றோடு கலந்துவிட்டன. கே. எஸ். ராஜா கொழும்பிற் கொலையுண்டார். அமீன் சயானி 2024இல் மறைந்தார். பெயர் வாசிக்கப்பட்ட நேயர்களும் முதுமையெய்திவிட்டனர்; ஒப்பந்தத்தின் பயனாகக் கடல் கடந்தோர் நீலகிரியிலும் பிறவிடங்களிலும் சிதறி வாழ்கின்றனர்.

ஆகவே, செய்யவேண்டிய பணி தெளிவானது. பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் தம் விடுமுறைக் காலங்களிற் குண்டசாலை, தெல்தெனியா, மடுல்கலை போன்ற ஊர்களின் முதியோரிடம் சென்று, அவர்கள் எப்பெட்டியில், யாருடைய வீட்டில், எவரோடிருந்து கேட்டனர் என்பதை வினவிப் பதிதல் வேண்டும். அவர்கள் வீடுகளில் எஞ்சியிருக்கும் ஒலிநாடாக்களைப் படியெடுத்தல் வேண்டும். குண்டசாலை அரசனின் மாளிகையைத் தேடி மண்ணை அகழ்வதற்கு இன்னும் காலமுண்டு. அம்முதியோரின் நினைவைத் தேடுவதற்கு உள்ள காலமோ மிகக் குறுகியது.