ஹைதராபாத் கண்ணாடித் தட்டுகளும் சிரியஸுக்குக் கீழே ஒரு கொத்தும்

மாசி மாதம் இரவு எட்டரை, ஒன்பது மணிவாக்கில் வையம்பட்டியில் தெற்கே பார்த்தால் சிரியஸ் நல்ல உயரத்தில் நிற்கும். அதற்கு நேர் கீழே 4 டிகிரி இறங்கினால் எம்41. இருட்டான இரவில் வெறும் கண்ணுக்கே ஒரு புகைத் திட்டாகத் தெரியும் விண்மீன் கொத்து. சுமார் 2300 ஒளியாண்டு தூரம், நூறு நட்சத்திரம் போல. கொத்துகளைப் படமெடுக்க ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் கார்த்திகைக்குத்தான் முதலில் போவார்கள், நானும் அப்படித்தான். ஆனால் எம்41-க்குப் பின்னால் நம்ம பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது.

கதை பாரிஸில் தொடங்குகிறது. 1887-ல் அங்கே கூடிய வானியலாளர்கள், வானம் முழுவதையும் புகைப்படமாக எடுத்து, 11-ஆம் ஒளியளவு வரையுள்ள நட்சத்திரங்களின் இடத்தை அளந்து அட்டவணை போடுவது என்று முடிவு செய்தார்கள். வானத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து ஆய்வகங்களுக்குக் கொடுத்தார்கள். தெற்கே 17 முதல் 23 டிகிரி வரையான பட்டை சிலி நாட்டின் சாந்தியாகோவுக்குப் போனது. அங்கே வேலை நடக்கவில்லை. கடைசியில் அது வந்து சேர்ந்த இடம் ஹைதராபாத்.

அங்கே ஆய்வகம் இருந்ததற்கே காரணம் ஒரு அமெச்சூர். நவாப் ஜாஃபர் ஜங் என்ற பிரபு 1901-ல் இங்கிலாந்திலிருந்து 15 அங்குல தொலைநோக்கி ஒன்றை வாங்கித் தன் சொந்த இடத்தில் ஆய்வகம் அமைத்தார். வானம் படமெடுக்க 8 அங்குலக் கருவியும் அவரிடம் இருந்தது. நிஜாமின் அனுமதியோடு அதற்கு நிஜாமியா என்று பெயர். 1907-ல் அவர் காலமானார், அடுத்த ஆண்டு நிஜாம் அரசு ஆய்வகத்தை எடுத்துக்கொண்டது. ஆர்தர் சாட்வுட், பிறகு போகாக், 1918-லிருந்து டி.பி.பாஸ்கரன் என்று இயக்குநர்கள் மாறினார்கள். இந்தியர்களில் முதல் இயக்குநர் பாஸ்கரன்தான். வேலை மட்டும் மாறவில்லை: தட்டு எடு, கழுவு, அள, எழுது.

எம்41 இருப்பது தெற்கே 20¾ டிகிரியில், அதாவது ஹைதராபாத்தின் பட்டைக்கு நட்ட நடுவில். பாரிஸிலிருந்து அது அதிகபட்சம் 20 டிகிரி உயரம்தான் ஏறும். ஹைதராபாத்தில் 52, வையம்பட்டியில் 59.

அந்தத் திட்டத்துக்கென ஒரு பொது அளவு வைத்திருந்தார்கள்: வானத்தில் ஒரு கலை, தட்டில் ஒரு மில்லிமீட்டர். எம்41 கிட்டத்தட்ட முழுநிலா அகலம் என்பதால் தட்டில் 4 செ.மீ. வரை பரவியிருக்கும். என்னுடைய 200 எம்எம் லென்ஸில் அதே கொத்து சென்சாரில் 2 மில்லிமீட்டர்தான்! நமக்கு டிராக்கர் இருக்கு, முப்பது முப்பது செகண்டாக நூறு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஸ்டேக் பண்ணிக்கலாம். அந்தக் காலத்தில் துணைத் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, குறுக்குக் கம்பியை விட்டு நட்சத்திரம் நகராமல் கையால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தட்டைக் கழுவுவதற்கு முன் அதன்மேல் 5 மி.மீ. இடைவெளியில் கட்டம் கட்டமாகக் கோடு பதிப்பார்கள். பிறகு பகலில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியும் எந்தக் கட்டத்தில் எங்கே இருக்கிறது என்று அளக்க வேண்டும். ஹைதராபாத் இப்படி அளந்தது ஏழரை லட்சத்துக்கும் அதிகமான நட்சத்திரங்களை. பின்னால் வடக்கே 36 முதல் 39 டிகிரிப் பட்டையும் இவர்கள் தலையில்தான் விழுந்தது.

இதெல்லாம் வீண் உழைப்பு என்று பல பத்தாண்டுகள் பேசப்பட்டது. உலகம் பூராவும் பல ஆய்வகங்களின் வாழ்நாளை விழுங்கிய திட்டம், வானியல் வேறு திசையில் போய்விட்டது, தட்டுகள் பெட்டியில் கிடந்தன. அந்தக் குறையில் நியாயமும் உண்டு.

ஆனால் 1989-ல் ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் பறந்ததும் கணக்கு மாறியது. ஒரு நட்சத்திரம் இன்று எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் துல்லியமாகச் சொல்லும். எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிய, பழைய இடமும் வேண்டுமே? எம்41 எங்கோ ஓடுகிறது, ஆனால் 75 வருடத்தில் அந்தத் தட்டின் கணக்கில் அது நகர்ந்தது ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குதான். கொத்தின் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போகும், நடுவே தெரியும் அந்நிய நட்சத்திரங்கள் போகாது. யார் உறவு, யார் வழிப்போக்கர் என்று பிரிக்க இந்தச் சிறு நகர்வுதான் ஆதாரம். 2000-ல் வெளியான டைக்கோ-2 அட்டவணை 25 லட்சம் நட்சத்திரங்களின் நகர்வைச் சொன்னது. அதற்குப் பழைய பக்கத்துச் சாட்சியாக நின்றவை இந்தத் தட்டு அளவுகள்தான், ஹைதராபாத் அளவும் சேர்த்து.

நிஜாமியாவில் உதவியாளராக வேலை பார்த்தவர் ஒருவரின் மகன் சென்னையில் பிறந்து அந்த வளாகத்தில் வளர்ந்தான். ஹார்வர்டுக்குப் படிக்கப் போய், 1949-ல் தான் எடுத்த புகைப்படத் தட்டில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தான். வைணு பாப்பு. ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை உருவாக்கியவர் அவர்தான்.

படமெடுக்கும் நண்பர்களுக்கு ஒரு விஷயம். உங்கள் படத்தை அஸ்ட்ரோமெட்ரி டாட் நெட்டில் ஏற்றினால் அது எந்த இடம் என்று சொல்கிறது அல்லவா? அகலமான படங்களுக்கு அது ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியல்களில் ஒன்று டைக்கோ-2. போன மாசியில் என் எம்41 படத்தை ஏற்றினேன், ஒரு நிமிஷத்தில் பெயர் வந்துவிட்டது.