மதர்போர்டில் எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் போதுமா? வாங்குவோர் கவனத்திற்கு

மட்டாஞ்சேரியில் வீட்டுக் கணினி அமைப்பவரானாலும், சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் தேடுபவரானாலும், கிராபிக்ஸ் கார்டுக்கான செலவைத் தவிர்க்க விரும்பினால் முதலில் அறிய வேண்டியது ஒன்று: மதர்போர்டில் எச்டிஎம்ஐ போர்ட் இருப்பதால் மட்டுமே திரையில் காட்சி வந்துவிடாது.

முன்பு கிராபிக்ஸ் பகுதி மதர்போர்டின் சிப்செட்டில் இருந்தது. 1999-இல் வெளியான இன்டெல் 810 அத்தகையது. 2011-இல் வந்த ‘சாண்டி பிரிட்ஜ்’ வரிசையிலோ அது பிராசசர் சில்லுக்குள்ளேயே அமைந்தது. எனவே, ‘கிராபிக்ஸ் உள்ள போர்டு’ என்று இன்று கடையில் கேட்பதில் பொருளில்லை. பிராசசரின் பெயரையே பார்க்க வேண்டும். இன்டெல் கோர் வரிசையில் ‘எஃப்’ என்று முடியும் பிராசசர்களில் கிராபிக்ஸ் செயல்படாது. ஏஎம்டி ரைசன் 5 5600-இல் அது இல்லை, 5600ஜி-இல் உண்டு. ஓர் எழுத்தைக் கவனியாதவர், புதிய கணினியின் முன் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

இந்த கிராபிக்ஸ் கணினியின் ரேமையே பகிர்ந்துகொள்வதால், 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டாகப் பொருத்துவது நலம். விளையாட்டுகளில் வேறுபாடு கண்கூடாகத் தெரியும். அதற்கேற்ப போர்டில் இரு ரேம் ஸ்லாட்களேனும் வேண்டும்.

பயன்படுத்திய போர்டு எனில் இன்னொரு சோதனையும் உண்டு. மட்டாஞ்சேரி உப்பங்கழியை ஒட்டிய பகுதி. ஈரமும் உப்பும் கலந்த காற்று உலோக முனைகளை அரிக்கும். ரேம் ஸ்லாட்டிலோ போர்ட்களிலோ பச்சைப் படிவு தெரிந்தால், கெபாசிட்டர்கள் உப்பியிருந்தால், எவ்வளவு மலிவாயினும் அதைத் தவிர்க்கலாம். கிராபிக்ஸ் கார்டு இன்றி, ஒவ்வொரு காட்சி போர்ட்டையும் கடையிலேயே இயக்கிப் பார்த்த பின்னரே பணம் தருவது நல்லது.